பழைய ஹைப்ரிட் பிளாக் அண்ட் ஒயிட் டிவி: ஸ்பீக்கரில் இரைச்சல் வருது, திரை இருட்டு, பிஎல் 504 சிவக்குது

பரண்செட்
எல்லாருக்கும் வணக்கம். எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் தயாரான 20 இஞ்சு செட். மரக் கேபினெட், முன்னால இழுத்து மூடுற ஷட்டர். உள்ளே பாதி வால்வு, பாதி டிரான்சிஸ்டர். இருக்கிற வால்வுகள்: பிசிஎஃப் 802 (லைன் ஆஸிலேட்டர், அதாவது படக் கோடுகளை இடவலமா ஓட்டுற பகுதி), பிஎல் 504 (லைன் அவுட்புட்), பிஒய் 88 (டாம்பர் டயோடு), டிஒய் 802 (உயர் வோல்டேஜ் ரெக்டிஃபையர்), பிசிஎல் 805 (வெர்டிகல்), பிசிஎல் 84 (வீடியோ). ஐ.எஃப் (டியூனருக்கு அடுத்த இடைநிலை அதிர்வெண் பகுதி), சவுண்ட் ரெண்டும் டிரான்சிஸ்டர். டியூனர் சுத்துற மாடல், 2 முதல் 12 வரை சேனல்.

வருஷக்கணக்கா பரணில் இருந்தது. 100 வாட் சீரிஸ் பல்பு போட்டு ஆன் பண்ணினதில் ஷார்ட் எதுவும் தெரியலை. நேரடியா கொடுத்தா வால்வு எல்லாம் எரியுது, ஸ்பீக்கரில் உஸ்ஸுன்னு இரைச்சல் வருது. திரையில் வெளிச்சமே இல்லை. ஒரு நிமிஷத்துக்குள்ளே பிஎல் 504 பிளேட் (வால்வுக்குள்ளே இருக்கிற ஆனோடுத் தகடு) ஆரஞ்சு நிறமாயிடுது. உடனே ஆஃப் பண்ணிட்டேன். எல்.ஓ.டி (லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர், பிக்சர் டியூப்புக்கு உயர் வோல்டேஜ் தர்றது) போயிருந்தா கிடைக்குமா? எங்கே ஆரம்பிக்கணும்?

திருச்சி_வால்வு
முதல்ல ஒண்ணு. இனிமே பிளேட் சிவக்கிற நிலையில் அந்த செட்டை நேரடி கரண்ட்டில் விடாதீங்க. பிஎல் 504 அரை நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல போனா வால்வோட எல்.ஓ.டியையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். இப்போதைக்கு எல்.ஓ.டி மேல பழி போடவும் வேண்டாம். பிளேட் சிவக்கிறதுக்கு முதல் காரணம் கிரிட்டுக்கு (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்துற வலைக்கு) டிரைவ், அதாவது ஆஸிலேட்டரிலிருந்து வர்ற அலை, வராதது. அதை மீட்டர் வச்சு அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம்.

அதுக்கு முன்னாடி பாதுகாப்பு. இந்த வகை செட்டில் பவர் டிரான்ஸ்பார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேரா சேஸிஸில் (உள்ளே இருக்கிற உலோகச் சட்டத்தில்) இருக்கு. ரெண்டு முனை பிளக்கைத் திருப்பிச் செருகினா சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். ஒவ்வொரு தடவை பிளக்கைச் செருகின பிறகும் நியான் டெஸ்டரை சேஸிஸில் வச்சுப் பாருங்க. எரிஞ்சா பிளக்கைத் திருப்புங்க. அளவெடுக்கும்போது ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (செட்டை மெயின்ஸிலிருந்து பிரிச்சு வைக்கிறது) கட்டாயம்.

பிக்சர் டியூப் ஆனோடு கழட்டணும்னா: ஒரு கம்பியின் ஒரு முனையை டியூப் வெளிப்புறக் கருப்புப் பூச்சின் மேல ஓடுற பின்னல் கம்பியில் கட்டுங்க. மறுமுனையை நல்ல பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரில் சுத்தி, ரப்பர் கேப்புக்கு அடியில் விடுங்க. டப்புனு ஒரு சத்தம் வரும். ரெண்டு நிமிஷம் விட்டுத் திரும்பவும் செய்யுங்க, கண்ணாடியில் மிச்சம் நின்ன சார்ஜ் மறுபடி ஏறியிருக்கும். சேஸிஸில் எங்கேயாவது தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணினா டிரான்சிஸ்டர் பக்கம் அடி வாங்கும்.

கோவை_பெஞ்ச்
ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பத்தி ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். இந்த செட் 150 வாட்டுக்கு மேல இழுக்கும். ஆனா எச்.டி (வால்வுகளுக்கான முக்கிய டி.சி சப்ளை), ஹீட்டர் ரெண்டுமே அரை அலை ரெக்டிபிகேஷன்னா டிரான்ஸ்பார்மர் செகண்டரியில் டி.சி ஓடும், கோர் சாச்சுரேட் ஆகி சூடேறும். 200 விஏ போதும்னு கணக்குப் போடாதீங்க. 500 விஏ எடுங்க.

100 வாட் சீரிஸ் பல்பு ஷார்ட் பார்க்க மட்டும்தான். ஹீட்டர் மட்டுமே 0.3 ஆம்பியர் எடுக்கும். அந்த பல்பு வழியா எச்.டியும் ஹீட்டரும் சேர்ந்து சரியான வோல்டேஜுக்கு வராது, அதை வச்சு பழுது தீர்மானிக்கக் கூடாது. பழைய குண்டு பல்புதான் வேலைக்கு ஆகும், எல்இடி பல்பு இதுக்கு உதவாது.

அடுத்து பெரிய அலுமினிய கேன் கண்டென்சர். உள்ளே ரெண்டு 200 மைக்ரோஃபாரட் இருக்கும், 350 வோல்ட். நேரடியா கரண்ட் கொடுத்து அது வெடிக்காம இருக்கு, நல்லது. இருந்தாலும் அப்படியே விடக் கூடாது. ரெண்டு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை முதுகோடு முதுகு சேர்த்து, ஒரு 4007 டயோடு போட்டா தனிமைப்பட்ட 280 வோல்ட் டி.சி கிடைக்கும். கேன் கண்டென்சரை செட்டிலிருந்து பிரிச்சு, 33 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியா ஒவ்வொரு பகுதிக்கா கொடுங்க. ரெசிஸ்டர் மேல உள்ள வோல்டேஜை அளந்து 33 ஆல் வகுத்தா லீக்கேஜ் மில்லி ஆம்பியரில் வரும். முதல்ல 6, 7 இருக்கும், சில மணி நேரத்துல 2க்குக் கீழே வரணும். 3க்கு மேலயே நின்னாலோ கேன் சூடானாலோ மாத்திடுங்க.

கே_எலெக்ட்ரோ
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? செட்டில் உள்ள எல்லா கண்டென்சரையும் ஒரே மூச்சில் மாத்திட்டா முடிஞ்சது. நூறு கண்டென்சர்கூட இருக்காது.

திருச்சி_வால்வு
எலெக்ட்ரோலைடிக்கை மாத்தறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லாத்தையும் ஒரே மூச்சில் மாத்தறதுலதான் ஆட்சேபணை. லைன் ஆஸிலேட்டர் காயிலுக்குக் குறுக்கே இருக்கிற ஸ்டைரோஃபிளெக்ஸ் கண்டென்சர் 40 வருஷம் கழிச்சும் சரியா இருக்கும். அதைக் கழட்டி கையில் கிடைச்ச செராமிக்கைப் போட்டா சூடேற ஏற அலைவரிசை நகரும். ஐ.எஃப் டப்பாக்களுக்குள்ளே இருக்கிற சின்ன கண்டென்சரைத் தொட்டா அலைன்மென்ட் போச்சு. அதோட, ஒரே நேரத்தில் அம்பது இடத்துல ஈயம் வச்சு, அதுல ஒண்ணு தப்பா விழுந்தா, பழைய பழுது எது புதுப் பழுது எதுன்னு பிரிக்கவே முடியாது.

மாத்த வேண்டியவை: எச்.டி ஃபில்டர், வெர்டிகல் அவுட்புட் கேதோடு கண்டென்சர், வீடியோ பக்கம் உள்ள எலெக்ட்ரோலைடிக், டிரான்சிஸ்டர் போர்டுக்கான குறைந்த வோல்டேஜ் ஃபில்டர். மீதியை அளந்து பார்த்து ஒண்ணொண்ணா.

கோவை_பெஞ்ச்
எச்.டி ஃபில்டரை மாத்தினா 350 வோல்ட் போடாதீங்க. காரணம் இருக்கு. இந்த செட்டில் ரெக்டிஃபையர் பிஒய் 127 டயோடு. சுவிட்ச் போட்ட அந்த நொடியே முழு வோல்டேஜ் வந்துடும், ஆனா வால்வு சூடேறி கரண்ட் இழுக்க அரை நிமிஷம் ஆகும். அதுவரை கண்டென்சர் மேல உச்ச வோல்டேஜ் நிக்கும். 230க்கு அது 325. ராத்திரி நேரத்துல நம்ம ஊர் லைன் 250 வந்தா 353. 220 மைக்ரோ 450 வோல்ட், 105 டிகிரி வகை வாங்குங்க. பழைய கேனை இடத்திலேயே விட்டு, கம்பியை மட்டும் பிரிச்சு, புதுசை அடியில் வச்சா பார்வைக்கும் பழைய மாதிரியே இருக்கும்.

பிஒய் 127 டயோடு போயிருந்தா எச்.டி பக்கம் 5408 போடுங்க, 3 ஆம்பியர் 1000 வோல்ட். சர்ஜ் ரெசிஸ்டரை (ஆன் பண்ற நொடியில் பாயற கரண்டைக் கட்டுப்படுத்துறது) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஷார்ட் பண்ணாதீங்க.

பரண்செட்
கேன் ரெண்டு பகுதியும் லீக்கேஜ் 5 மில்லிக்குக் கீழே வரலை, மாத்திட்டேன். 500 விஏ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கிடைச்சது. எச்.டி இப்போ 228 வோல்ட்.

ஹீட்டரில் ஒரு சந்தேகம். பிக்சர் டியூப் ஹீட்டரில் 6.3 இருக்கணும் இல்லையா? என் மீட்டர் ஏ.சி ரேஞ்சில் 4.8 காட்டுது. மீட்டர் ட்ரூ ஆர்.எம்.எஸ் வகை. டியூப் அதனாலதான் எரியலையா?

திருச்சி_வால்வு
உங்க ஹீட்டர் சரியாத்தான் இருக்கு. ஹீட்டர் வரிசையில் ஒரு டயோடு இருக்கிறதால அதுல ஓடுறது அரை அலை. ட்ரூ ஆர்.எம்.எஸ் மீட்டர்கூட ஏ.சி ரேஞ்சில் டி.சி பாகத்தை விட்டுட்டுத்தான் காட்டும். அதே இடத்துல டி.சி ரேஞ்சில் அளந்தா சுமார் 4 வோல்ட் வரும். ரெண்டையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்க: 16, 23, மொத்தம் 39, வர்க்கமூலம் 6.2. அதுதான் உண்மையான அளவு.

கணக்கையும் சொல்லிடறேன், பின்னாடி உதவும். எல்லா ஹீட்டரும் 0.3 ஆம்பியர், தொடர் இணைப்பு. பிஒய் 88க்கு 30, பிஎல் 504க்கு 27, பிசிஎல் 805க்கு 18, பிசிஎல் 84க்கு 15, பிசிஎஃப் 802க்கு 9, பிக்சர் டியூப்புக்கு 6.3. கூட்டினா 105 வோல்ட். டிஒய் 802 இந்த வரிசையில் இல்லை, அது எல்.ஓ.டி மேல ஒரு சுத்து கம்பியிலிருந்து ஹீட்டர் எடுக்குது. டயோடு வழியா 230 வந்தா பயன்படுறது 163. மீதி 58 வோல்ட்டை டிராப்பர் ரெசிஸ்டரும் தெர்மிஸ்டரும் சாப்பிடுது.

அந்த டயோடு ஷார்ட் ஆனா ஹீட்டர் கரண்ட் 0.4 ஆம்பியருக்குப் போயிடும். செட் வேலை செய்யும், படம்கூட சீக்கிரம் வரும், சில மாசத்துல பிக்சர் டியூப் செத்துடும். வால்வு எல்லாம் வழக்கத்தைவிட வெள்ளையா எரிஞ்சா முதல்ல அந்த டயோடைப் பாருங்க. சில வால்வு மட்டும் பளிச்சுனு எரிஞ்சு மத்தது இருட்டா இருந்தா, நடுவுல ஒரு வால்வில் ஹீட்டரும் கேதோடும் ஒட்டிக்கிட்டிருக்கு. இருட்டுப் பகுதிக்கு மேலே கடைசியா எரியற வால்வுதான் குற்றவாளி.

இப்போ டிரைவ் சோதனை. பிஎல் 504 வால்வை உருவ முடியாது, உருவினா வரிசையே அறுந்துடும். தலை மேல உள்ள ஆனோடு கேப்பைக் கழட்டிட்டு ஆன் பண்றதும் கூடாது. பிளேட்டுக்கு வோல்டேஜ் இல்லைன்னா கரண்ட் முழுக்க ஸ்கிரீன் கிரிட்டுக்கு (வால்வுக்குள்ளே இருக்கிற ரெண்டாவது வலை, டிவி திரை இல்லை) பாயும், அது நொடியில் கருகிடும். ஸ்கிரீனுக்குப் போற ரெசிஸ்டரின் ஒரு முனையைத் தூக்கிடுங்க, பெரும்பாலும் 2.2 கிலோ ஓம் 5 வாட் அளவில் இருக்கும். இப்போ வால்வில் கரண்ட் கிட்டத்தட்ட இருக்காது, நிதானமா அளக்கலாம். மீட்டர் சிவப்பு முனையில் 1 மெக் ரெசிஸ்டரைச் சேர்த்து, கண்ட்ரோல் கிரிட்டில் டி.சி அளங்க. ஆஸிலேட்டர் ஓடினா மைனஸ் பல பத்து வோல்ட் இருக்கணும்.

கே_எலெக்ட்ரோ
பிஒய் 88 வால்வையும் சேர்த்து எடுத்துட்டு ஒரு வேகமான சிலிக்கான் டயோடு போட்டா ஒரு வால்வு தொல்லை குறையுமே? 1500 வோல்ட் டயோடு இப்போ சல்லிசு.

கோவை_பெஞ்ச்
செய்ய முடியும், இந்த செட்டில் செய்யாதீங்க. ஒண்ணு, ஹீட்டர் வரிசையில் 30 வோல்ட் குறையும், அதுக்கு ஈடா 100 ஓம் 20 வாட் ரெசிஸ்டர் வேணும், அது 9 வாட் சூட்டை கேபினெட்டுக்குள்ளே கொட்டும். ரெண்டு, டாம்பர் மேல விழுற பல்ஸ் 1500க்கு நிக்காது, பல கிலோவோல்ட் போகும். அதனாலதான் அந்த வால்வுக்கு கேதோடை தலையில் வச்சிருக்காங்க. மூணு, பிஒய் 88 மெதுவா சூடேறறதால பிஎல் 504 பிளேட்டுக்கும் வோல்டேஜ் மெதுவா வருது. அந்தப் பாதுகாப்பு போயிடும்.

பரண்செட்
ஸ்கிரீன் ரெசிஸ்டரைத் தூக்கி அளந்தேன். கிரிட்டில் மைனஸ் 0.3 வோல்ட். கிட்டத்தட்ட பூஜ்யம். பிளேட் சிவக்கலை.

திருச்சி_வால்வு
அப்போ எல்.ஓ.டி நிரபராதி, குறைந்தபட்சம் இப்போதைக்கு. ஆஸிலேட்டர் ஓடலை, இல்லை இடையில் உள்ள கப்ளிங் கண்டென்சர் அறுந்திருக்கு.

பிசிஎஃப் 802 வால்வில் டிரையோடு பகுதி ஆஸிலேட்டர் வேகத்தைத் திருத்தற வேலை. பென்டோடு பகுதிதான் ஆஸிலேட்டர், காயிலோட சேர்ந்து 15,625 ஹெர்ட்ஸ் சைன் அலை உண்டாக்குது. இதுல ஸ்கிரீன் கிரிட்டும் ஆஸிலேஷன்ல பங்கெடுக்குது. பிளேட்டில் வோல்டேஜ் இருந்து ஸ்கிரீனில் இல்லைன்னாலும் ஆஸிலேட்டர் நின்னுடும். நிறைய பேர் பிளேட்டை மட்டும் அளந்துட்டு வால்வு போச்சுன்னு முடிவு பண்றது இதனாலதான். ரெண்டையும் அளங்க. எச்.டியிலிருந்து அங்கே வர்ற ஒவ்வொரு ரெசிஸ்டரையும் ஒரு முனை தூக்கி அளங்க. அந்தக் காலத்து கார்பன் ரெசிஸ்டர் மதிப்பு பெரும்பாலும் ஏறும், இறங்கறது அபூர்வம். பெயிண்ட் கருகாமலேயே திறந்துக்கும், கண்ணால பார்த்து நம்பாதீங்க.

காயில் உள்ளே இருக்கிற ஃபெர்ரைட் திருகைச் சுத்தாதீங்க. பழுது வேற இடத்துல இருக்கும்போது அதைத் திருப்பினா பின்னாடி ரெண்டு பழுது.

பரண்செட்
பிளேட்டில் 190 வோல்ட், ஸ்கிரீனில் 3 வோல்ட். ஸ்கிரீனுக்கு வர்ற 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் மீட்டரில் 6 மெக் காட்டுது. வெளியே பார்த்தா புதுசு மாதிரி இருக்கு. 33 கிலோ 2 வாட் மெட்டல் ஃபிலிம் போட்டேன். ஸ்கிரீன் 124 வோல்ட், பிஎல் 504 கிரிட்டில் மைனஸ் 46.

பிஎல் 504 ஸ்கிரீன் ரெசிஸ்டரைத் திரும்ப ஈயம் வச்சு ஆன் பண்ணினேன். பிளேட் சிவக்கலை. மெல்லிய விசில் சத்தம் கேட்குது. திரையில் வெளிச்சம் வந்தாச்சு! ஆனா ரெண்டு குறை: இடமும் வலமும் 3 செ.மீ. கருப்பு, கீழே 5 செ.மீ. காலி, கீழ்ப்பகுதி கோடுகள் நெருக்கமா இருக்கு.

லைன்_அவுட்புட்
அருமை. விசில் கேட்டதுன்னா லைன் பகுதி உயிரோட இருக்கு. வயசானவங்க காதுக்கு 15,625 ஹெர்ட்ஸ் கேட்காது. அவங்க நியான் டெஸ்டரை நீளமான காஞ்ச மரக்குச்சி நுனியில் கட்டி எல்.ஓ.டி பக்கம் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனா, தொடாமலேயே எரியும். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஆர்க் இழுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். எல்.ஓ.டி இன்சுலேஷனுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது, இந்த எல்.ஓ.டி இனி யாரும் சுத்தித் தரப்போறதும் இல்லை.

டிரைவ் இருந்தும் பிளேட் சிவந்திருந்தா என்ன வரிசையில் பார்க்கணும்னு இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்காக எழுதறேன். முதல்ல பூஸ்ட் கண்டென்சர் (எச்.டியைவிடக் கூடுதலான பூஸ்ட் வோல்டேஜைத் தேக்குறது). லீக் ஆனா பிஒய் 88 சேர்ந்து சிவக்கும். அதே மதிப்புள்ள பாலிபுரோப்பிலீன், 1000 வோல்ட்டுக்கு மேல உள்ளதைப் போடுங்க. அடுத்து செட்டை ஆஃப் பண்ணி டிஒய் 802 தலைக் கேப்பைக் கழட்டி, எதையும் தொடாதபடி தள்ளிக் கட்டி ஒரு தடவை பாருங்க. விசில் திரும்பினா டிஒய் 802 ஷார்ட். பிறகு யோக் (டியூப் கழுத்தில் இருக்கிற காயில்) பிளக். சில செட்டில் எச்.டி அந்த பிளக் வழியாத்தான் போகும், அதனால சர்க்யூட்டைப் பார்க்காம கழட்டாதீங்க. இதெல்லாம் தாண்டியும் சரியாகலைன்னாத்தான் எல்.ஓ.டி. ஓம் மீட்டரில் அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆயிரம் சுத்தில் ஒரு சுத்து ஷார்ட் ஆனா ஓம் கணக்கில் தெரியாது. சின்ன பல்ஸ் கொடுத்து ஸ்கோப்பில் ரிங்கிங் பார்க்கணும். நல்ல எல்.ஓ.டி பத்து அலைக்குப் பக்கத்துல அடிக்கும், ஷார்ட் ஆனது ரெண்டு மூணுல செத்துடும்.

இப்போ உங்க அகலக் குறை. பிஎல் 504 கிரிட் வோல்டேஜை இப்போ, ஓடும்போது, திரும்ப அளங்க. எல்.ஓ.டியிலிருந்து வர்ற பல்ஸை வி.டி.ஆர் (வோல்டேஜுக்கு ஏத்தபடி மாறுற ரெசிஸ்டர்) ரெக்டிஃபை பண்ணி மைனஸ் வோல்டேஜ் உண்டாக்குது. அதுக்கு எதிரா எச்.டி அல்லது பூஸ்டிலிருந்து பெரிய மெக் ரெசிஸ்டர்கள் வழியா கொஞ்சம் ப்ளஸ் வருது, விட்த் பிரிசெட் (அகலத்தைத் திருத்தற திருகு) அந்தப் பாதையில் இருக்கு. அந்த மெக் ரெசிஸ்டர் மதிப்பு ஏறினா ப்ளஸ் குறையும், மைனஸ் அதிகமாகும், வால்வு சுருங்கிடும். படம் குறுகும், ஈ.எச்.டியும் (பிக்சர் டியூப் ஆனோடின் உயர் வோல்டேஜ்) குறையும்.

பரண்செட்
ஓடும்போது மைனஸ் 71. 2.2 மெக் ரெசிஸ்டர் 4.1 மெக் காட்டினது. மாத்தினேன். மைனஸ் 54 வந்தது, அகலம் முழுசா நிரம்பிடுச்சு. பிரிசெட் நடுவுக்குப் பக்கத்துலயே இருக்கு.

லைன்_அவுட்புட்
அந்த இடத்துல மெக் ரெசிஸ்டர் போடும்போது ஒண்ணு கவனிங்க. கால் வாட் ரெசிஸ்டர் வாட் கணக்குக்குப் போதும், வோல்டேஜ் கணக்குக்குப் போதாது. அதோட தாங்குதிறன் பெரும்பாலும் 250 வோல்ட்தான். பூஸ்ட் பக்கம் 500க்கு மேல இருக்கும். 1.1 மெக் ரெண்டு, 1 வாட்டில், தொடரா போட்டா நிரந்தரமா நிக்கும்.

வெர்டிகலுக்கு: பிசிஎல் 805 கேதோடில் உள்ள எலெக்ட்ரோலைடிக் காஞ்சிருந்தா உயரம் குறைஞ்சு கீழே நெருங்கும். கப்ளிங் கண்டென்சர் லீக் ஆனாலும் கீழே நெருங்கும், அப்போ கேதோடு வோல்டேஜ் ஏறியிருக்கும், சூடேறினதும் கீழ்ப்பகுதி மேலே மடியும். ரெண்டையும் பிரிக்கிற வழி இதுதான். கேதோடில் 20 வோல்ட்டுக்கு உள்ளே இருந்தா எலெக்ட்ரோலைடிக், 25ஐத் தாண்டினா கப்ளிங்.

வேலை செய்யும்போது பிரைட்னஸைக் குறைச்சு வைங்க. வெர்டிகல் நின்னு ஒரே கோடா விழுந்தா பாஸ்பரில் நிரந்தரத் தழும்பு வந்துடும்.

பரண்செட்
கேதோடு 17 வோல்ட். 100 மைக்ரோ 25 வோல்ட் கண்டென்சர் 4 மைக்ரோதான் காட்டினது. 100 மைக்ரோ 63 வோல்ட் போட்டதும் கீழே நிரம்பிடுச்சு. ஹைட், லீனியாரிட்டி பிரிசெட் ரெண்டையும் கொஞ்சம் திருப்பினேன். ராஸ்டர் (திரையில் விழுற வெளிச்சப் பரப்பு) இப்போ முழுசா, நேரா இருக்கு.

படம் கொடுக்கணும். இணையத்துல வாங்கின ஒரு ஏ.வி மாடுலேட்டர் (ஏ.வி.யை டிவி சேனலா மாத்தித் தர்றது) இருக்கு, செட்டாப் பாக்ஸிலிருந்து அதுக்கு ஏ.வி கொடுத்தேன். சேனல் 4ல் ஃபைன் டியூனிங்கைத் திருப்பினா படம் வருது, உருளுது. சத்தம் இல்லை.

யாழ்_அலைவரிசை
வணக்கம் அண்ணை. அது என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) மாடுலேட்டர் போலக் கிடக்கு. அதின்ர சேனல் 3 எண்டுறது 61.25 மெகாஹெர்ட்ஸ். எங்கட பி முறையில சேனல் 4 படம் 62.25. கிட்டக் கிட்ட இருக்கிறபடியால் ஃபைன் டியூனிங்கில படம் அகப்படும். சத்தம் மட்டும் அகப்படாது: உங்கட செட்டுக்கு படத்துக்கும் சத்தத்துக்கும் இடையில 5.5 மெகாஹெர்ட்ஸ் வேணும், அது 4.5 தான் குடுக்கும். சில சீனப் பெட்டிகள் 6.5 இல வேலை செய்யும், அதிலயும் சத்தம் வராது. உருளுறதுக்குக் காரணம், செட்டாப் பாக்ஸ் 60 ஹெர்ட்ஸில வெளியில விடுது. மெனுவில பால், 50 ஹெர்ட்ஸ் எண்டு மாத்துங்கோ.

வாங்கேக்க பால் பி/ஜி, 5.5 எண்டு எழுதியிருக்கிறதைப் பாருங்கோ. யுஎச்எஃப் மட்டும் குடுக்கிற மாடுலேட்டர் வேண்டாம், உங்கட டியூனருக்கு 12க்கு மேல ஒண்டும் தெரியாது. இலங்கையிலயும் இதே பி/ஜி தான், ஆனபடியால் இங்க வாங்கினதும் அங்க பொருந்தும்.

கோவை_பெஞ்ச்
மாடுலேட்டரை மாட்டறதுக்கு முன்னாடி ஆன்டெனா சாக்கெட்டைப் பாருங்க. சேஸிஸ் லைவ் ஆனதால ஆன்டெனாவின் ரெண்டு கம்பியும் சின்ன செராமிக் கண்டென்சர்கள் வழியா டியூனருக்குப் போகும். அதுல ஒண்ணு லீக் ஆனா செட்டாப் பாக்ஸின் உலோக உடம்புக்கும் கேபிளுக்கும் 230 வோல்ட் வந்துடும், தொடுறவங்களுக்கு உயிர் ஆபத்து. 470 பைக்கோ ஒய்1 வகை (மெயின்ஸ் பாதுகாப்புக்கான) கண்டென்சர் ரெண்டு போடுங்க, சாதாரண செராமிக் கூடாது. சாக்கெட் 300 ஓம் தட்டைக் கம்பிக்கானது, மாடுலேட்டர் 75 ஓம். இடையில் ஒரு பழைய பேலன் டிரான்ஸ்பார்மர் வேணும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆன்டெனா சாமான் விக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

சிலர் வீடியோவை நேரா பிசிஎல் 84 கிரிட்டுக்கு முன்னால கொடுக்கலாம்னு சொல்வாங்க. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் நிரந்தரமா இருந்தா மட்டும்தான். வீட்டுக் கூடத்துல வைக்கப்போற செட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

பரண்செட்
செட்டாப் பாக்ஸை பால் 50க்கு மாத்தினதும் உருளறது நின்னுடுச்சு. பால் பி/ஜி மாடுலேட்டர், ஒய்1 கண்டென்சர் ரெண்டும் போட்டாச்சு. சத்தமும் படமும் வருது. டியூனரைத் தொட்டா மட்டும் படம் சிதறுது. இன்னொண்ணு: ஆன் பண்ணி நாலு நிமிஷம் கழிச்சுத்தான் படம் தெளிவாகுது, பிரைட்னஸை ஏத்தினா முகங்கள் வெள்ளி பூசின மாதிரி ஆகுது.

திருச்சி_வால்வு
டியூனருக்கு: டிரம்மில் உள்ள சேனல் துண்டுகளின் வெள்ளிப் புள்ளிகள் கறுத்திருக்கும். எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரை துணியில் தொட்டுத் தொட்டுத் துடைங்க. மேலேயிருந்து பீய்ச்சி அடிக்காதீங்க, காயில் மேல விழுந்தா டியூனிங் நகரும். ஸ்பிரிங் நாக்குகளை நெம்பாதீங்க. எமரி பேப்பர் வச்சுத் தேய்ச்சா வெள்ளி போயிடும், அப்புறம் மாசா மாசம் இதே வேலை.

வெள்ளி பூசின மாதிரி தெரியறது பிக்சர் டியூப் எமிஷன் (கேதோடு எலெக்ட்ரான் விடற திறன்) குறைஞ்சதோட அடையாளம். அவசரப்பட்டு எதுவும் செய்யாதீங்க. வருஷக்கணக்கா ஓடாத டியூப் ஓட ஓட ஓரளவு திரும்பும். பிரைட்னஸைக் குறைச்சு தினம் ரெண்டு மணி நேரம் சில வாரம் ஓட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி டியூப் சாக்கெட் பின்களைச் சுத்தம் பண்ணுங்க, முதல் ஆனோடு வோல்டேஜை அளங்க. அது பூஸ்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியா வருது, அந்த ரெசிஸ்டரும் மதிப்பு ஏறியிருந்தா நல்ல டியூப்கூட மங்கலாத்தான் தெரியும். 400 வோல்ட்டுக்கு மேல இருந்தா அந்தப் பக்கம் சரி.

அதுக்கப்புறமும் மங்கலா இருந்தா பூஸ்டர் டிரான்ஸ்பார்மர். டியூப் ஹீட்டரை வரிசையிலிருந்து பிரிச்சு, அந்த இடத்துல 21 ஓம் போடணும், 22 ஓம் 5 வாட் போதும். ஹீட்டருக்குத் தனி 230 டு 7 வோல்ட் டிரான்ஸ்பார்மர். 7ஐத் தாண்ட வேண்டாம். 8, 9 கொடுத்தா படம் பளிச்சுனு வரும், கேதோடு பூச்சு உதிர்ந்து சீக்கிரமே முழுக்கப் போயிடும். ஹை வோல்டேஜ் கொடுத்து உசுப்பேத்துற முறையை கடைசிக்கும் கடைசியா வச்சுக்குங்க. இந்த 20 இஞ்சு டியூப்புக்கு மாற்று கிடைக்கிறது அரிது.

பரண்செட்
முதல் ஆனோடில் 260 வோல்ட்தான் இருந்தது. 1 மெக் ரெசிஸ்டர் 2.7 மெக். 470 கிலோ ரெண்டு, 1 வாட், தொடரா போட்டேன். 455 வந்தது. ஒரு நிமிஷத்துல படம் வருது, வெள்ளி பூச்சு பெரும்பகுதி போயிடுச்சு. பூஸ்டர் இப்போதைக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்.

பின் மூடியைப் போடறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது வேற எதாவது இருக்கா?

கோவை_பெஞ்ச்
மூணு. மெயின்ஸ் கம்பி பழசுன்னா மாத்துங்க, ரப்பர் வெடிச்சிருக்கும். ஃபியூஸ் இருக்கிற இடத்துல யாராவது கம்பி கட்டி வச்சிருந்தா எடுத்துட்டு, சர்க்யூட்டில் சொன்ன அளவு ஸ்லோ ஃபியூஸ் போடுங்க. குறிப்பு இல்லைன்னா 2 ஆம்பியர். டிராப்பர் ரெசிஸ்டரைச் சுத்தி தூசி, சிலந்தி வலை இல்லாம துடைங்க, அதுவும் தெர்மிஸ்டரும் சேர்ந்து 17 வாட் சூட்டை விடுது, பக்கத்துல புதுசா போட்ட எலெக்ட்ரோலைடிக் எதுவும் ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.

மூடியைக் கழட்டி அரை மணி நேரம் ஓட்டினதை நம்பாதீங்க. மூடியைப் போட்டு நாலு மணி நேரம் ஓட்டிட்டு, லைன் ஹோல்ட் (படம் பக்கவாட்டில் நிலையா நிக்கிறது) நகருதான்னு பாருங்க. நகர்ந்தா பிசிஎஃப் 802 பக்கம் உள்ள மீதி கார்பன் ரெசிஸ்டர்களை ஒண்ணொண்ணா தூக்கி அளங்க, காயில் திருகை அதுக்கப்புறம் தொடுங்க.

லைன்_அவுட்புட்
அதோட, அளந்த வோல்டேஜ் எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி பின் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்க. எச்.டி 228, ஆஸிலேட்டர் ஸ்கிரீன் 124, பிஎல் 504 கிரிட் மைனஸ் 54, பிசிஎல் 805 கேதோடு 17, முதல் ஆனோடு 455. இந்த மாடலுக்கு சர்க்யூட் படம் கையில் இல்லாதவங்களுக்கு இந்த அஞ்சு எண்தான் சர்க்யூட் படம். படம் இருந்தா ஸ்கேன் பண்ணி இங்கேயே போடுங்க.

பரண்செட்
மூடியோட ஓட்டிப் பார்த்தாச்சு, லைன் ஹோல்ட் நகரலை. ஃபியூஸில் கம்பிதான் இருந்தது, 2 ஆம்பியர் ஸ்லோ போட்டாச்சு. சர்க்யூட் தாள் கேபினெட் அடியில் மடிச்சு ஒட்டியிருக்கு, ஒரு மூலை கிழிஞ்சிருக்கு. வெர்டிகல் பகுதி முழுசா தெரியுது. ஸ்கேனை அடுத்த பதிவில் போடறேன்.